நிலை வைக்கிற நாள்

என் தம்பி கோமதிநாயகத்தின் மனைவி முத்துமீனாள் மெட்ராசில் பல்கலைக்கழகத்தில் எம்.ஈ. படித்தாள். கட்டட வேலைகளைத் திட்டம் போட்டு நடத்துவது எப்படி என்கிற படிப்பு. பெண் பார்க்கப் போன அன்றைக்கே, "மேல படிக்க விடுவியளா?" என்று கேட்டு, எங்கள் அம்மா கையில் எடுத்த பஜ்ஜியைத் திரும்பத் தட்டிலேயே வைக்கும்படி செய்தவள். அப்பா மட்டும், "படிக்கட்டுமே. நம்ம வீட்டுலயும் படிச்ச பொம்பள ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருக்கிற சங்கரம்மாள் என்கிற மகள் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது அவருக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

படிப்பின் கடைசியில் ஒரு கட்டடத்தை அஸ்திவாரம் முதல் கூரை வரை கூடவே இருந்து பார்த்து, அதைப் பற்றி ஆய்வறிக்கை எழுத வேண்டுமாம். கூடப் படித்தவர்கள் பாலம், மாடி ஆஸ்பத்திரி என்று எடுத்துக்கொண்டார்கள். இவள் எடுத்துக்கொண்டது, ரெவின்யூவில் ஓய்வு பெற்ற எங்கள் அப்பா கைலாசம் எண்பத்து நாலாம் வருடம் தையில் ராஜபாளையம் ரோட்டில் கட்டத் தொடங்கிய வீடு. சின்ன வீடுகளின் கட்டட வேலை ஏன் தாமதமாகிறது என்பது தலைப்பு. இதைக் கேட்டு எங்கள் ஊரில் சிரிக்காத ஆள் இல்லை. "மழ பெஞ்சா நனையுமான்னு கண்டுபிடிக்க மெட்ராசுக்குப் போணுமாக்கும்" என்றார் கோயில் ஆபீசில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அப்பாவின் பழைய வீட்டில் மீனா வந்து தங்கிக்கொண்டாள். முன் அறைச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினாள். அதில் வட்டங்களும் அம்புகளும். ஒவ்வொரு அம்பும் ஒரு வேலை. எந்த வேலை ஒரு நாள் பிந்தினால் வீடே ஒரு நாள் பிந்துமோ, அந்த அம்புகளுக்கு மட்டும் சிவப்புப் பென்சில். மற்றவை கொஞ்சம் முன்னே பின்னே நடந்தாலும் மோசமில்லை, அதற்குத் தளர்வு என்று பெயர் என்றாள். எங்கள் வீட்டில் அம்மாவைத் தவிர மற்ற எல்லோரும் தளர்வு என்று எனக்கு அப்போதே பட்டது.

சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தாளை அவள் உட்கார்ந்த இடத்தில் கற்பனையாகப் போடவில்லை. சிமெண்டு பெர்மிட் கையெழுத்தாக எங்கள் ஆபீசில் எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். கொத்தனார் துரைப்பாண்டிக்குக் குருவிகுளம் பக்கம் மானாவாரி நிலம். மழை விழுந்தால் கரண்டியைப் போட்டுவிட்டு விதைக்க ஓடிவிடுவார். "எந்த மழைக்கு விதைப்பிய அண்ணாச்சி?" என்று அவரிடமே கேட்டு, அதற்கு ஒரு அம்பு போட்டாள். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தால் ஊரே வேலை செய்யாது, ஆடி மாதத்தில் யாரும் நிலை வைக்க மாட்டார்கள் என்று மெட்ராசு வாத்தியாருக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். முதலில் முணுமுணுத்த துரைப்பாண்டி, பங்குனி வருவதற்குள், "தாளு என்ன சொல்லுது தாயி?" என்று கேட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கத் தொடங்கினார்.

அவளுக்கு இருந்த கெடு ஒன்றுதான். ஆடி முடிவதற்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். கூரைக் கான்கிரீட் போடுகிற வரை பார்த்து எழுதினால்தான் ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு ஆனிக்குள் கூரை வேண்டும். கூரைக்குச் சுவர் வேண்டும். தலைவாசலில் கதவு மாட்டுகிற மரநிலையை நிறுத்திவிட்டுத்தான் அதைப் பிடித்துச் சுவர் ஏற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். நிலை வைக்க வைகாசியில் ஒரு புதன்கிழமை குறித்திருந்தார்கள். தாளில் அந்த அம்பு நல்ல சிவப்பு.

சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை நடக்கிற இடத்துக்குக் காப்பி கொண்டுபோனேன். மீனா மணல் குவியலுக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வெயில் என்றாள். நேற்று சாப்பிட்ட சாம்பார் என்றாள். அந்தச் சாம்பாரை வைத்தது நான். எனக்குச் சுருக்கென்று வந்தது.

"ஏட்டி, எங்கிட்டயா பொய் சொல்லுத? எத்தன மாசம்?" என்றேன்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மதினி, உங்களக் கும்பிடுதேன். நிலை வைக்கிற வரைக்கும் யாருக்கும் சொல்லாதீங்க. சொன்னா மாமா வேலைய நிப்பாட்டிருவாவ."

"உன் மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவுகளுக்கு மட்டுந்தான் தெரியும்."

அவள் பயந்தது நியாயம். வீட்டில் ஒரு பெண் உண்டாகியிருக்கும்போது நிலை வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள பேச்சு. மற்ற வீடுகளில் அது பேச்சு. எங்கள் வீட்டில் அது நடந்தது. நடந்தது எனக்கு.

கல்யாணமான மறு வருடம் நான் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு அப்பா வீட்டுக்கு வந்திருந்தேன். ஆறாவது மாதம். புழக்கடையில் ஒரு அறை கட்டுவதற்காக ஆசாரி செய்து தந்த நிலை, பல நாளாகச் சுவரில் சாத்திக் கிடந்தது. அப்பா பேப்பர் படிக்கிற மனிதர், இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் கேட்டுச் சிரிப்பவர். "நிலைக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சொல்லிக்கொண்டே ஒரு நாள் காலையில் ஆளைக் கூப்பிட்டு வைத்துவிட்டார். அன்று சாயந்திரமே எனக்கு வலி எடுத்தது. பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தங்கவே இல்லை.

என் மாமியார் எங்கள் தெருவுக்கே வந்து, "படிச்ச திமிருல என் பேரப்பிள்ளையத் தின்னுட்டியே" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார். அப்பா வாசலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டார். அந்த அறையை இடித்தார். நிலையை யாருக்கோ தூக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து நல்ல நாள் பார்க்காமல் அவர் ஒரு கொடிக்கயிறு கட்டினதில்லை. நான் வீட்டுக்குப் போனால் எழுந்து தன் நாற்காலியை எனக்குப் போடுவார். மகளுக்கு அப்பா நாற்காலி போடுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் தெரிந்துதான் மீனா கேட்டாள். எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. பிள்ளையைச் சுமந்துகொண்டு, படிப்புக்காக ஒளித்து வைக்கிறாளே, இவள் என்ன பெண் என்று வந்தது. ஒரு பிள்ளைக்காக நான் கும்பிடாத தெய்வம் இல்லை. இவளுக்கு அது தாளில் ஒரு தடங்கல்.

"படிப்ப அடுத்த வருசம் முடிச்சா ஆகாதா?" என்று கேட்டேன்.

"அடுத்த வருசம் கைப்பிள்ளையோட என்னைய யாரு அனுப்புவா மதினி? வேற கட்டடம் பாத்து முதல்ல இருந்து தொடங்கணும். நீங்களே சொல்லுங்க, நடக்குமா?"

நடக்காது. எனக்குத் தெரியும். பி.ஏ. சேருவதற்கு அப்ளிகேஷன் வாங்கி வைத்துவிட்டு, கல்யாணம் முடிந்து அடுத்த வருடம் சேரலாம் என்று சொல்லப்பட்டவள் நான். அந்த அடுத்த வருடம் இன்னும் வரவில்லை. காப்பித் தூக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, "வெயில்ல நிக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கோபம் அப்படியே இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குக் குமட்டுகிற நேரம் பார்த்து அப்பா வீட்டுக்குப் போய் அம்மாவைக் கடைக்கு அனுப்பினேன். மீனா தொடாத இட்லியை நான் தின்றேன். அந்த வைகாசியில் எனக்கு எடை கூடியதுதான் மிச்சம்.

காரியத்தைக் கெடுத்தது என் தம்பி. கெட்ட எண்ணத்தில் இல்லை, பாசத்தில். வெளியூரில் மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிற அவன், நிலை வைப்பதைப் பார்ப்பதற்காக லீவு போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். பையை வீட்டில் வைத்துவிட்டு நேரே ராஜபாளையம் ரோட்டுக்கு வந்தான். அங்கே அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். துரைப்பாண்டி சாந்து குழைக்கிற ஆட்களை ஏவிக்கொண்டிருக்கிறார். நான் நிலைக்கு எண்ணெய் தடவியது காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிறேன். மீனா, முழங்கால் உயரம் எழும்பியிருந்த, இன்னும் மண் நிரப்பாத பேஸ்மெண்டின் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குத் தாண்டினாள். எப்போதும் தாண்டுகிறவள்தான்.

"ஏட்டி, பிள்ளத்தாச்சி இப்படியா குதிப்பா!" என்று கத்தினான் என் தம்பி.

கத்திய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டான். அதனால் என்ன பிரயோசனம்? துரைப்பாண்டி கையிலிருந்த, சுவர் நேர் பார்க்கிற தூக்குக் குண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். அப்பாவின் குடை கீழே இறங்கி அவர் வெயிலில் நின்றார்.

"வேலைய நிப்பாட்டு, துரைப்பாண்டி" என்றார்.

"நீங்க சொல்லாட்டாலும் நிப்பாட்டியிருப்பேன் அண்ணாச்சி. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு" என்றார் அவர். ஆட்கள் குழைத்த சாந்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் அப்பா வீட்டின் முன் அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அம்மா சமையலறையில் இருந்தாள். அப்பா மீனாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள்தான் முதலில் பேசினாள். "மாமா, நிலை வைக்காண்டாம். அதுக்கு இடத்த மட்டும் விட்டுட்டுச் சுவர ஏத்திரலாம். பிள்ள பொறந்த பொறவு நிலைய உள்ள நிறுத்திக்கிடலாம். நல்லா நிக்கும், நான் வரைஞ்சு காட்டுதேன்." எழுந்து தாளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நிலை மட்டும் இல்ல தாயி. அந்த இடத்துல இனி ஒரு ஆணி அடிக்கவும் நான் சம்மதிக்க மாட்டேன்."

"அப்ப நான் வாசுதேவநல்லூருக்கு, எங்க அம்மா வீட்டுக்குப் போயிருதேன். நான் இந்த வீட்டுல இல்லன்னா ஒண்ணுமில்லலா?"

"நீ எங்க இருந்தாலும் அது இந்த வீட்டுப் பிள்ளதான."

"இது என் படிப்பு மாமா." குரல் உடைந்துவிட்டது. "நீங்கதான படின்னு சொன்னிய."

"இப்பவும் சொல்லுதேன். அடுத்த வருசம் படி. யாரு வேண்டாம்ன்னா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அடுத்த வருசம் யாருப்பா அவள அனுப்புவா? நீங்க அனுப்புவியளா, அம்மா அனுப்புவாளா? இல்ல இந்தா இருக்கானே, இவன் அனுப்புவானா?" என்றேன். என் தம்பி ஓடாத ஃபேனை அண்ணாந்து பார்த்தான். "அவ கேக்கது ஒரு நிலை. நல்லா இருக்கிற பிள்ளய ஒரு மரம் என்ன செஞ்சிரும்?"

அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் முகம் அப்படி ஆகி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நீயாட்டி இதச் சொல்லுத? அன்னைக்கு நானும் இதத்தான் சொன்னேன். இதே வார்த்தைய. சொல்லிட்டுத்தான் உன் பிள்ளயக் கொன்னேன்."

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மீனா தாளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வந்து அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"வேண்டாம் மாமா. நிப்பாட்டிருங்க. வீடு எப்ப முடியுதோ முடியட்டும். நான் மெட்ராசுக்கு எழுதிப் போட்டுருதேன்" என்றாள்.

மனதார விட்டுக்கொடுத்தாள். அதைப் பார்த்தபோதுதான் மணல் குவியலில் பார்த்த நாளிலிருந்து அவள்மேல் எனக்கு இருந்த கோபம் போனது. அப்பா அவள் தலையில் கை வைத்தார். காரியம் அத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

"அது நிலையால போகல" என்றாள் அம்மா.

சமையலறை நடையில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். முத்துமாரியம்மாள் என்று ரேஷன் கார்டில் பெயர். நான்கு பேர் இருக்கிற இடத்தில் அவள் நின்று பேசி நாங்கள் கேட்டதில்லை. நின்றபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"நிலை வச்சதுக்கு முந்தின நாளு இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேம்லா. நர்சம்மா ஷம்சாத் பேகம் வயித்துல குழல வச்சுக் கேட்டா. இவளத் துணி மாத்தச் சொல்லிட்டு என்னையத் தனியா வெளிய கூப்பிட்டுச் சொன்னா, துடிப்புக் கேக்கலம்மா, நாளான்னைக்கு டாக்டரம்மா வருவாவ, கூட்டிட்டு வாங்க, அதுக்கு முன்ன வலி எடுத்தா உடனே கொண்டாந்துருங்கன்னு. பிள்ள அப்பமே போயாச்சு."

எனக்கு நினைவு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில், "என்னம்மா, இன்னைக்கு அசையவே காணோம்" என்று கேட்டேன். "தூங்குது" என்றாள் அம்மா. முதல் பிள்ளை. தூங்கும் என்று நம்பினேன்.

"வீட்டுக்கு வந்ததும், நாளைக்கே அந்த நிலைய வச்சிருங்கன்னு உங்ககிட்டச் சொன்னது யாரு?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "நீதான்" என்றார்.

"நாந்தான். இவ மாமியா மூத்த மருமவளுக்கு ரெண்டு தடவ பிள்ள தங்கலன்னு இளையரசனேந்தலுக்கு, தாய் வீட்டுக்கே அனுப்பிட்டா. அந்தப் பிள்ள இன்னைக்கு வரைக்கும் அங்கனதான் கிடக்கா. இவளையும் அனுப்பியிருப்பா. நிலை வச்சதாலன்னு ஆயிட்டா, பழி நம்ம வீட்டு மேல. இவ உடம்பு மேல இல்ல."

அது உண்மை. அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளையே இல்லாமல் போனபோதும் என் மாமியார் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. வைததெல்லாம் அப்பாவைத்தான். பாவம், உன்னைப் பெத்தவன் செய்த வேலை என்று எனக்குத் தலை சீவிவிட்டிருக்கிறார். என் வீட்டுக்காரரோடு இத்தனை காலம் நான் குடும்பம் நடத்தினது எதன்மேல் நின்றது என்று அப்போதுதான் தெரிந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார் அப்பா.

"சொல்லியிருந்தா, அவ மாமியா தெருவுல வந்து கத்துனப்ப உண்மையச் சொல்லியிருப்பிய. உங்களுக்குப் பொய் வராது."

அப்பா, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"அப்ப, நான் இல்லியா?"

"நீங்க இல்ல."

"நான் இல்லல்லா?" என்று இன்னொரு தடவை கேட்டார். அம்மா தலையை ஆட்டினாள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து வந்த சத்தம் எங்கள் யாருக்கும் பழக்கமில்லாத சத்தம். என் தம்பி எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினான்.

கொஞ்ச நேரத்தில் அப்பா எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தார். சுவரிலிருந்த தாளின் முன்னால் போய் நின்று கண்ணாடியைச் சரி செய்தார். அதுவரை அவர் அதைக் கிட்டப் போய்ப் பார்த்தே நான் கண்டதில்லை.

"புதன்கிழமன்னுதான போட்டிருக்க?" என்று மீனாவிடம் கேட்டார்.

"மாமா, நீங்க எனக்காக..."

"உனக்காக இல்ல தாயி. எனக்கு அந்த நிலைய வைக்கணும்."

துரைப்பாண்டியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. எங்கள் வீட்டுக்குள் தெரிந்த விஷயத்தை ஊரில் பறைசாற்ற முடியாது. என் மாமியார் இன்னும் நன்றாகத்தான் இருந்தார், அவர் காதுக்குப் போகாமல் இருக்காது. ஆகவே கொத்தனாருக்கு இது கைலாசம் அண்ணாச்சி திரும்பவும் பழைய தப்பைச் செய்யப் போகிறார் என்றுதான் பட்டது. "ஒருக்கா பட்டது போதாதா அண்ணாச்சி?" என்று முகத்துக்கு நேரேயே கேட்டார். அப்பா அதையும் வாங்கிக்கொண்டார். ஆனால் இந்தத் தடவை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இல்லை.

கடைசியில் துரைப்பாண்டியே ஒரு வழி சொன்னார். நிலை ஏறுகிற நேரத்தில் பிள்ளையுண்டான பெண் அந்த மனையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதானே. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் மனையில் இல்லை என்றுதானே அர்த்தம். மீனா வாசுதேவநல்லூர் போக மாட்டேன் என்றாள். நிலை வைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவள் கண்ணால் பார்த்து எழுத வேண்டுமாம். ராஜபாளையம் பஸ் போகிற ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு சைக்கிள் கடையின் முன்னால் நிற்பது என்று பேசி முடித்தோம். கடைக்காரர் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டுத் தந்தார்.

அந்த அறிக்கை ஆடி முடிவதற்குள் போய்ச் சேர்ந்தது. ஆபீஸ் முடிந்ததும் நான்தான் உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்தேன். தாமதத்துக்கான காரணங்கள் என்கிற அத்தியாயத்தில் பொருள், ஆள், மழை, உரிமையாளர் என்று நான்கு தலைப்பு. சாந்து காய்ந்து வீணாகிப்போன அந்த இரண்டு நாளை உரிமையாளரின் கீழ் போட்டிருந்தாள். வாய்மொழித் தேர்வில், உரிமையாளர் ஏன் வேலையை நிறுத்தினார் என்று வாத்தியார் கேட்டாராம். "அவர் வீட்டு விஷயம் சார்" என்றாளாம். எம்.ஈ. பட்டம் வாங்கினாள். கார்த்திகையில் பெண் குழந்தை, நல்ல சத்தமான பிள்ளை.

நிலை வைத்த அந்தப் புதன்கிழமை காலையில் நிலைக்கு அடியில் நவதானியமும் ஒரு காசும் போட்டார்கள். அப்பா, "சங்கரி, நீ வந்து மஞ்சளும் குங்குமமும் வையி" என்றார். பிள்ளை இல்லாதவளை இந்த மாதிரி வேலைக்கு யாரும் முதலில் கூப்பிடுவதில்லை. கூடியிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் போய் வைத்தேன். துரைப்பாண்டியும் ஆட்களும் நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒரு பக்கம் அப்பா பிடித்துக்கொண்டார், போதும் விடுங்கள் என்று சொல்லியும் விடவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மீனா, "வலது பக்கம் சாயுது அண்ணாச்சி, குண்டு போட்டுப் பாருங்க" என்று கத்தினாள். நடுவில் ஒரு பஸ் போனது.

எல்லோரும் பானகம் குடிக்கப் போன பிறகு, நானும் அம்மாவும் மட்டும் செங்கல் அடுக்கின் பக்கத்தில் நின்றோம். மூன்று நாளாக நான் அவளோடு பேசவில்லை. என் பிள்ளை போன செய்தி எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளை வைய வேண்டும் என்றுதான் பக்கத்தில் போனேன். வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லாம்மா."

அம்மா சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். நிலையைப் பிடித்தபடி இன்னும் நின்றுகொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"உங்கிட்டச் சொன்னா நீ உன் வயித்தையே ஏசிக்கிட்டுக் கிடப்ப. யாரு மேலயாவது போட்டுத்தான ஆகணும், மரந்தானன்னு அது மேல போட்டேன். உங்கப்பா போயி அதுக்கு அடியில நின்னுக்கிடுவாவன்னு நான் கண்டேனா மக்கா?"